ஓரமா, உள்ளயா?

தங்கச்சி: ...அதை வெளியில வெச்சுட்டு வா அண்ணா.

அண்ணன்: எதை?

தங்கச்சி: கைக்குழந்தை மாதிரி இடுப்புல இடுக்கிட்டு நிக்கிறியே, அந்தத் தண்ணி கேனைத்தான்.

அண்ணன்: இது கேன் இல்ல பாப்பா. என் பாதி உயிரு.

தங்கச்சி: பாதி உயிரு அந்தப் பெஞ்சு மேல உக்காரட்டும், மீதி உயிரு மட்டும் உள்ள வா. மைக்ராஸ்கோப் ரூமுக்குள்ள ஒரு சொட்டு தண்ணிகூடக் குடிக்கக்கூடாது. இங்க அதுதான் சட்டம்.

அண்ணன்: அடப்பாவிங்களா! ஸ்டீயரிங் இல்லாமக்கூட நான் பஸ்ஸை ஓட்டிடுவேன், கேன் இல்லாம ஓட்டினதே இல்லையே.

தங்கச்சி: தாகம் எடுத்தா சொல்லு, கார்டைக் காட்டிக் கதவைத் திறந்து விடுறேன். பாத்ரூம் இடது பக்கம்...

அண்ணன்: ரெண்டாவது கதவு. வந்ததுமே பாத்து வெச்சாச்சு. எந்தக் கட்டடத்துக்குள்ள போனாலும் நான் முதல்ல தேடுறது அதைத்தானே. சாமி கும்பிடப் போனாலும் அப்படித்தான்.

தங்கச்சி: சரி, மெதுவா வா. இருட்டா இருக்கும். கால்ல ஒயர் தட்டும், பாத்து... இந்த ஸ்டூல்ல உக்காரு.

அண்ணன்: ஏன் இப்படிக் குகை மாதிரி வெச்சிருக்கீங்க? கரண்ட் பில் கட்டலையா?

தங்கச்சி: வெளிச்சம் பட்டா சாயம் மங்கிடும். அண்ணா, அந்தக் கறுப்புக் குமிழை மட்டும் தொடாதே, புண்ணியமாப் போகும்.

அண்ணன்: தொடலையே!

தங்கச்சி: விரல் அங்கதான இருக்கு.

அண்ணன்: பழக்கதோஷம். குமிழைப் பாத்தா கியர்னு நினைச்சுக்குது கை. சரி, என்னத்துக்குக் கூப்பிட்டே? ட்யூட்டியை இன்னொருத்தன் தலையில கட்டிட்டு ஓடி வந்திருக்கேன்.

தங்கச்சி: எனக்கு ஒண்ணுமே தெரியாத ஆளு ஒருத்தர் வேணும். யோசிச்சுப் பாத்தேன்... உன்னைவிட்டா வேற யாரும் ஞாபகத்துக்கு வரல.

அண்ணன்: இதைச் சொல்லவா ரெண்டு பஸ் மாறி வரச் சொன்னே? வீட்டுல உங்க அண்ணி தினமும் சொல்றா. அதுவும் காபியோட.

தங்கச்சி: நிஜமாத்தான். இங்க ஒரு வழக்கம் உண்டு. சோதனை பண்ணினவங்க கண்ணை நம்பக்கூடாது. முடிவை வேற ஒருத்தர் பாத்துச் சொல்லணும். செல்லு வளக்குற தட்டுங்கள்ல எதுல மருந்து ஊத்தியிருக்கு, எதுல ஊத்தலைன்னு அவருக்குத் தெரியக்கூடாது.

அண்ணன்: ஏன், உன் கண்ணுக்கு என்ன வந்துச்சு?

தங்கச்சி: என் கண்ணுல ஆசை இருக்கு. ஆசை இருக்குற கண்ணு இல்லாததையும் பாத்துடும்.

அண்ணன்: ம்... பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு என் கண்ணு மாதிரி.

தங்கச்சி: அண்ணிகிட்ட சொல்லுவேன்.

அண்ணன்: சொல்லாதே தாயே. மேல சொல்லு.

தங்கச்சி: பக்கத்து லேப்ல இருந்து ஒருத்தர் வந்து பாக்குறதா இருந்துச்சு. அவருக்குக் காய்ச்சல். இந்த மைக்ராஸ்கோப் எனக்கு இன்னிக்கு மத்தியானம் மட்டும்தான். இங்க இருக்குற மத்த எல்லாரும் என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு, எனக்காகவே 'ஆமா'ன்னு சொல்லிடுவாங்க.

அண்ணன்: இன்னிக்கு விட்டா?

தங்கச்சி: நாளைக்குக் காலையில பெரிய குழு வருது. நாலு வருஷமா என்ன பண்ணினேன்னு அவங்க முன்னாடி நின்னு சொல்லணும். காட்ட ஒண்ணும் இல்லன்னா... இந்த வேலையை இழுத்து மூடிடுவாங்க. மருந்து, செல்லு, எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டு வேற வேலை பாருன்னு சொல்லிடுவாங்க.

அண்ணன்: யாரு, உன்னையா? வரச் சொல்லு அந்தக் குழுவை என் பஸ்ஸுல. படிக்கட்டுல தொங்க விடுறேன்.

தங்கச்சி: அண்ணா...

அண்ணன்: சும்மா சொல்றேனா? என் ரூட்டுல ஏறுற அத்தனை பேருக்கும் உன்னைத் தெரியும். 'என் தங்கச்சி செல்லுக்குள்ள என்ன கோளாறுன்னு பாக்குறவ'ன்னு சொன்னேன். ஒரு பெரியவர், 'எந்தக் கடையில? என்னோடதுல சார்ஜே நிக்க மாட்டேங்குது'ன்னாரு.

தங்கச்சி: ஐயோ...

அண்ணன்: அவருக்கு அடுத்த ஸ்டாப் வர்ற வரைக்கும் வகுப்பெடுத்தேன். பாதி தப்பாத்தான் சொல்லியிருப்பேன். இன்னிக்காவது ஒழுங்காச் சொல்லு, இங்க என்ன நடக்குது?

தங்கச்சி: செல்லுன்னா ஒரு சின்ன வீடுன்னு வெச்சுக்கோ. அதைச் சுத்தி ஒரு சவ்வு. ரெண்டு அடுக்கு எண்ணெய் மாதிரி, அவ்வளவு மெல்லிசு. அந்த எண்ணெயைத் தாண்டி உப்பு போகாது, சர்க்கரை போகாது. தண்ணிகூட முக்கி முனகித்தான் போகும்.

அண்ணன்: அப்போ உள்ள இருக்குறவன் பட்டினியா?

தங்கச்சி: அதுக்குத்தான் கதவு. சவ்வுல பதிச்ச கதவுங்க ஆயிரக்கணக்குல இருக்கு. தண்ணிக்கு ஒரு கதவு, சர்க்கரைக்கு ஒரு கதவு, ஒவ்வொரு உப்புக்கும் தனித்தனி. தண்ணிக் கதவுல உப்பு நுழைய முடியாது. சில கதவு சும்மா திறந்து மூடும். சிலது பம்பு மாதிரி, சக்தியைச் செலவு பண்ணி வேண்டாததை வெளியில தள்ளும்.

அண்ணன்: ஒருத்தன் ஏறணும்னா ஒருத்தன் இறங்கணும்னு சொல்ற கண்டக்டர் எல்லாம் உண்டா?

தங்கச்சி: அண்ணா! அது நிஜமாவே உண்டு. மூணு பேரை இறக்கிட்டு ரெண்டு பேரை ஏத்துற கதவு ஒண்ணு இருக்கு.

அண்ணன்: பாத்தியா! ஒண்ணும் தெரியாதவனாம்.

தங்கச்சி: சரி சரி, அலட்டிக்காதே. கதவு மட்டும் இருந்தாப் பத்தாது. உடம்புல ஒரு மூலையில இருக்குற செல்லுக்கு இன்னொரு மூலையில என்ன நடக்குதுன்னு தெரியணும். அதுக்குச் சவ்வுல காது இருக்கு. பக்கத்துல பக்கத்துல ஒட்டியிருக்குற செல்லுங்க சின்னக் குழாய் வழியா நேராவே பேசிக்கும். தூரத்துல இருக்குறது ரத்தத்துல சேதி அனுப்பும்.

அண்ணன்: சேதி உள்ள போயிடுமா?

தங்கச்சி: உள்ளயே போகாது. அதுதான் அழகு. வந்து காதுல ஒட்டிக்கும், அவ்வளவுதான். காது உள்பக்கமா லேசா அசையும், உள்ள ஒருத்தர் மாத்தி ஒருத்தரா அதைச் சொல்லிக்கிட்டே போவாங்க.

அண்ணன்: வாசல்ல நின்னு குரல் குடுத்துட்டுப் போற மாதிரி.

தங்கச்சி: அதேதான். இப்ப... தண்ணி விஷயத்துக்கு வா. உடம்புல தண்ணி குறைஞ்சா மூளை ஒரு சேதி அனுப்பும். 'தண்ணியை வீணாக்காதே, பிடிச்சு வை.' அது கிட்னி செல்லு காதுல விழும். விழுந்ததும் உள்ள சுருட்டி வெச்சிருக்குற தண்ணிக் கதவெல்லாம் ஓடி வந்து சவ்வுல பொருந்திக்கும். வெளியில போகப் போற தண்ணி திரும்ப உடம்புக்குள்ள வந்துடும்.

அண்ணன்: காது இல்லன்னா?

தங்கச்சி: மூளை கத்திக்கிட்டே இருக்கும். கிட்னிக்கு ஒண்ணும் கேக்காது. குடிக்கிறதெல்லாம் அப்படியே...

அண்ணன்: அப்படியே ரெண்டாவது கதவு, இடது பக்கம்.

தங்கச்சி: ம்.

அண்ணன்: டிப்போவுல எனக்கு என்ன பேரு தெரியுமில்ல? தண்ணி லாரி. புதுசா சேர்ற பசங்ககூட 'தண்ணி லாரி அண்ணே'ன்னு மரியாதையாக் கூப்பிடுறானுங்க.

தங்கச்சி: உனக்குக் கோவமே வராதா?

அண்ணன்: எதுக்குக் கோவம்? லாரி உபயோகமான வண்டிதானே. பாப்பா... ஒரு நிமிஷம் கதவைத் திற. பேசிப் பேசி நாக்கு ஒட்டிக்கிச்சு.

தங்கச்சி: போயிட்டு வா. திரும்ப வரும்போது பலமாத் தட்டு, உள்ள சத்தமே கேக்காது.

...

அண்ணன்: எவ்வளவு நேரமாத் தட்டுறேன்! கை வீங்கிடுச்சு.

தங்கச்சி: பலமாத் தட்டச் சொன்னேனே!

அண்ணன்: இதைவிட பலமாத் தட்டினா கதவு கழண்டு உன் சம்பளத்துல பிடிப்பாங்க. சரி, அந்தக் காது கதைக்கு வா. நம்ம மாதிரி ஆளுக்குக் காதே கிடையாதா?

தங்கச்சி: இருக்கு அண்ணா. செல்லு உள்ளயே செய்யுது. ஆனா லேசாக் கோணிடுது. செல்லுக்குள்ள ஒரு சோதனைச் சாவடி உண்டு. கோணலா இருக்குறதை அது வெளியில விடாது, பிடிச்சு உள்ளயே உக்கார வெச்சுடும்.

அண்ணன்: அட! வண்டி டிப்போவை விட்டே கிளம்பல. சைடு கண்ணாடி வளைஞ்சிருக்குன்னு செக்கிங்ல நிறுத்திட்டான்.

தங்கச்சி: ஆமா.

அண்ணன்: வண்டி ஓடுமா, ஓடாதா?

தங்கச்சி: ஓடும். சவ்வு வரைக்கும் வந்துட்டா பாதிக்கு மேல கேக்கும். அதனாலதான் இந்த மருந்து. கோணின இடத்தைத் தாங்கிப் பிடிச்சுக்கும், சாவடிக்காரன் சரின்னு விட்டுடுவான்.

அண்ணன்: செக்கிங் இன்ஸ்பெக்டர் வர்ற நேரத்துல கண்ணாடியைக் கையால நிமித்திப் பிடிச்சுக்கிற கண்டக்டர் பையன். எத்தனை தடவை பண்ணியிருக்கோம்!

தங்கச்சி: இதை நாளைக்கு அந்தக் குழு முன்னாடி நீயே சொல்லிடேன்.

அண்ணன்: கூப்பிட்டா வரேன். யூனிபார்ம் இஸ்திரி போடணும், முன்னாடியே சொல்லு. ஆமா, இந்தச் செல்லெல்லாம் யாரோடது?

தங்கச்சி: யாரோ... ஒரு நோயாளி. எண் மட்டும்தான் போட்டிருக்கும், பேரு இருக்காது. மூத்திரத்துல கிட்னி செல்லு கொஞ்சம் உதிர்ந்து வரும். அதை எடுத்து வளப்போம்.

அண்ணன்: மூத்திரமா! என்கிட்ட கேட்டிருந்தா லாரியிலயே அனுப்பியிருப்பேனே.

தங்கச்சி: ...ம். சரி, ஆரம்பிப்போமா? ஆறு தட்டு. காதுல பச்சைச் சாயம் ஒட்டியிருக்கு. பச்சை எங்க இருக்குன்னு பாத்து ஒரே வார்த்தை சொல்லு. செல்லு நடுவுல குவிஞ்சிருந்தா 'உள்ள'. விளிம்புல சுத்தி நின்னா 'ஓரம்'. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

அண்ணன்: எதுல மருந்து?

தங்கச்சி: எனக்கே தெரியாது. என்கூட வேலை பாக்குறாளே சுண்டெலி, அவதான் ஊத்தினா. எத்தனை தட்டுல ஊத்தினான்னுகூட என்கிட்ட சொல்லல.

அண்ணன்: அந்த ஒல்லிப் பொண்ணா? வரும்போது வாசல்ல ஒரே சிரிப்பு.

தங்கச்சி: அவளுக்கு எதையும் மூஞ்சியில மறைக்கத் தெரியாது. அதான் வெளியில விரட்டி வெச்சிருக்கேன். இரு, முதல் தட்டை வெச்சு நான் தெளிவு பண்றேன்... ம். இப்ப ரெண்டு கண்ணையும் இந்தக் குழாயில வை.

அண்ணன்: அம்மாடி...! பாப்பா, இது என்ன இது! ராத்திரி மேம்பாலத்து மேல இருந்து ஊரைப் பாத்த மாதிரி இருக்கு!

தங்கச்சி: ஒரு வார்த்தை அண்ணா.

அண்ணன்: இரு, ரசிச்சுக்கிறேன். இவ்வளவு அழகையும் தனியாவா பாத்துட்டு இருந்தே? ...நடுவுல பச்சைப் பொட்டலம். சுத்தி இருட்டு. உள்ள.

தங்கச்சி: உள்ள. சரி. ரெண்டாவது... கொஞ்சம் நகரு... ம், பாரு.

அண்ணன்: ஓ! இது வேற. வளையம் வளையமா நிக்குது. கோலிக்குண்டை வரிசையா அடுக்கின மாதிரி. ஓரம்.

தங்கச்சி: ஸ்ஸ்...

அண்ணன்: ஏன் மூச்சை இழுக்குறே?

தங்கச்சி: இழுக்கலையே.

அண்ணன்: இழுத்தே. டயர்ல காத்து பிடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்போ ஓரம்தான் உனக்கு வேணும்!

தங்கச்சி: தப்பு. என் தப்புதான். இனிமே நான் அந்தச் சுவரைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிறேன். வாயையும் திறக்க மாட்டேன். அண்ணா, கேளு... எனக்காக எதுவும் சொல்லாதே. உன் கண்ணு என்ன சொல்லுதோ அது மட்டும்.

அண்ணன்: சரி.

தங்கச்சி: சத்தியமா?

அண்ணன்: ட்ரைவர் சத்தியம். அடுத்ததை வை.

தங்கச்சி: மூணாவது.

அண்ணன்: ம்... ம்... இதுவும் வளையம்தான். சந்தேகமே இல்ல. ஓரம். பாப்பா, கதவு.

தங்கச்சி: மறுபடியுமா?

அண்ணன்: இந்தத் தடவை இடது பக்கம்.

...

சுண்டெலி: அக்கா, முடிஞ்சுதா?

தங்கச்சி: ஏய், உள்ள வராதே! மூஞ்சியைக் காட்டாதே! அங்கயே நின்னு பேசு.

சுண்டெலி: சரி, கதவுக்குப் பின்னாடி நிக்கிறேன். அண்ணா இப்பத்தான் பாத்ரூம் பக்கம் போனாரு. அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?

தங்கச்சி: என்னத்தை?

சுண்டெலி: அந்தச் செல்லு அவரோடதுன்னு.

தங்கச்சி: உஷ்! எண்ணுதான் இருக்கு, பேரு இல்ல. நமக்குத் தெரியக்கூடாது.

சுண்டெலி: நீங்கதானே அக்கா கண்டுபிடிச்சீங்க! ஜீன்ல அதே இடத்துல அதே பிசகு உங்க ரத்தத்துலயும் பாதி இருக்கு, அம்மா வழியா வந்தது, வேற யாருக்கு இருக்கும்னு கேட்டு அன்னிக்கு அழுதீங்க.

தங்கச்சி: தெரிஞ்சா அவன் கண்ணும் கெட்டுடும்டி. தன்னோடதுன்னா யாருக்குத்தான் ஆசை வராது? எந்தத் தட்டைப் பாத்தாலும் ஓரம்னுதான் சொல்லத் தோணும்.

சுண்டெலி: ஒருவேளை மருந்து வேலை செய்யலைன்னா...

தங்கச்சி: அப்பவும் சொல்ல மாட்டேன். உன் காதை வெளியில கொண்டு வர எனக்குத் துப்பில்லன்னு எந்த வாயால அவன்கிட்ட சொல்லுவேன்? ஊரெல்லாம் என்னைப் பத்திப் பெருமை பேசிட்டுத் திரியுறான். ...போ போ, வரான்.

...

அண்ணன்: அப்பாடா. இந்தக் கட்டடத்துல பாத்ரூம் பிரமாதம். எங்க டிப்போவுக்கு ஒண்ணு பார்சல் பண்ணு. யாரோட பேசிட்டு இருந்தே?

தங்கச்சி: சுண்டெலி. விரட்டிட்டேன். உக்காரு. நாலாவது... இரு, இது தெளிவாகவே மாட்டேங்குது... ஆ, வந்துடுச்சு. ...பாரு. நான் திரும்பிக்கிறேன்.

அண்ணன்: ...ம்.

தங்கச்சி: என்ன?

அண்ணன்: வாயைத் திறக்க மாட்டேன்னு சொன்னே.

தங்கச்சி: சரி சரி.

அண்ணன்: இதை நகத்திப் பாக்கலாமா? தட்டை நகத்துற திருகு ஒண்ணு இருந்துச்சே?

தங்கச்சி: வலது கைப் பக்கம். மெதுவா.

அண்ணன்: ...பச்சை வெளியில நிக்குற மாதிரியும் இருக்கு... இல்லாத மாதிரியும் இருக்கு. பாப்பா, நீ இதைப் பாத்தியா?

தங்கச்சி: தெளிவு பண்ணும்போது லேசா...

அண்ணன்: உனக்கு என்ன தோணிச்சு?

தங்கச்சி: கேக்காதே! அதை நான் சொல்லவே கூடாது.

அண்ணன்: சொல்லாட்டி போ. குரல்லயே தெரியுது. ...இரு. இன்னொரு தடவை... ம். உள்ள.

தங்கச்சி: ...உள்ளயா?

அண்ணன்: உள்ள.

தங்கச்சி: நல்லாப் பாத்தியா அண்ணா? அவசரப்படாதே. விளிம்புல பச்சைக் கோடு மாதிரி...

அண்ணன்: கோடு இல்ல. பக்கத்துச் செல்லு ஒண்ணு இது மேல ஏறிப் படுத்திருக்கு. ரெண்டு பொட்டலமும் ஒட்டி நிக்குது, அவ்வளவுதான். ராத்திரி எதிர்ல ஒரே லாரி வர்ற மாதிரி ரெண்டு விளக்கு தெரியும். கிட்ட வந்தா ரெண்டு பைக். அது மாதிரி. உள்ள.

தங்கச்சி: ...சரி.

அண்ணன்: பாப்பா?

தங்கச்சி: ம்.

அண்ணன்: அழறியா?

தங்கச்சி: ஏசி. கண்ணு எரியுது.

அண்ணன்: சுவரைப் பாத்து நிக்குறவளுக்கு எந்த ஏசி கண்ணுல அடிக்குது? நான் தப்பாச் சொல்லிட்டேனா?

தங்கச்சி: நீ சொன்னதுதான் கணக்கு. அது மருந்துத் தட்டா இருந்தா... மருந்து சில தட்டுல கேக்குது, சிலதுல கேக்கலைன்னு ஆயிடும். அதைக் கொண்டுபோய் யார்கிட்டயும் காட்ட முடியாது. பரவாயில்ல. அடுத்தது.

அண்ணன்: மாத்திச் சொல்லணுமா?

தங்கச்சி: கொன்னுடுவேன்.

அண்ணன்: இல்ல, கேட்டேன். அடுத்ததை வை.

தங்கச்சி: அஞ்சாவது.

அண்ணன்: உள்ள. இதுல குழப்பமே இல்ல, நல்லாப் போர்த்திட்டுத் தூங்குது.

தங்கச்சி: ...ஆறாவது. கடைசி.

அண்ணன்: கொஞ்சம் இரு. கண்ணைத் துடைச்சுக்கிறேன்.

தங்கச்சி: உனக்கு என்ன?

அண்ணன்: ஏசி.

தங்கச்சி: அண்ணா...

அண்ணன்: ...ஓரம். பளிச்சுன்னு வளையம். எல்லாரும் வாசல்ல வந்து நிக்குறாங்க பாப்பா, ஒருத்தர் விடாம. ஓரம்.

தங்கச்சி: முடிஞ்சுது. சுண்டெலி! ஏய் சுண்டெலி! வா உள்ள!

சுண்டெலி: வந்துட்டேன், வந்துட்டேன்! கதவுலயே காதை வெச்சு நின்னேன், ஒண்ணும் கேக்கல. சொல்லுங்க.

தங்கச்சி: நான் முதல்ல சொல்றேன், அப்புறம் நீ சொல்லு. நடுவுல சிரிக்காதே. ஒண்ணு... உள்ள.

சுண்டெலி: ஒண்ணு, மருந்து இல்ல. வெறும் உப்புத் தண்ணி.

தங்கச்சி: ரெண்டு, ஓரம்.

சுண்டெலி: மருந்து!

அண்ணன்: ஆஹா!

தங்கச்சி: சத்தம் போடாதே. மூணு, ஓரம்.

சுண்டெலி: மருந்து!

தங்கச்சி: ...நாலு.

சுண்டெலி: நாலு என்னக்கா?

தங்கச்சி: நாலு... உள்ள.

சுண்டெலி: ...

தங்கச்சி: சொல்லித் தொலையேண்டி!

சுண்டெலி: சிரிக்காதேன்னு சொன்னீங்களே, அதான் அடக்குறேன்... உப்புத் தண்ணிக்கா! நாலுல மருந்தே ஊத்தல!

தங்கச்சி: என்ன? நாலுலயா? நிஜமாவா? நான்... நான் அதை மருந்துன்னே நினைச்சேன். என் கண்ணால பாத்தேனே, ஓரத்துல கோடு...

சுண்டெலி: நல்லவேளை, நீங்க பாத்துச் சொல்லல. அண்ணா மட்டும் அதை ஓரம்னு சொல்லியிருந்தா, மருந்து இல்லாமலே காது வெளியில வருதுன்னு ஆகியிருக்கும். மத்த அஞ்சும் குப்பை.

தங்கச்சி: அஞ்சு, உள்ள...

சுண்டெலி: உப்புத் தண்ணி.

தங்கச்சி: ஆறு, ஓரம்.

சுண்டெலி: மருந்து! அக்கா, ஆறுக்கு ஆறு! ஒண்ணுகூடப் பிசகல!

அண்ணன்: அடி சக்கை! ஏய், யாராவது விளக்கைப் போடுங்க, என் தங்கச்சி மூஞ்சியை நான் பாக்கணும்!

தங்கச்சி: வேண்டாம் வேண்டாம், சாயம்...

அண்ணன்: சாயம் கிடக்கு! ...இப்பத்தான் வெளிச்சம் வந்துச்சு. மூக்கைச் சிந்து முதல்ல. நாளைக்கு அத்தனை பேரு முன்னாடி நிக்கப் போறவ இப்படியா நிப்பா?

தங்கச்சி: அண்ணா, ஒண்ணு கேளு. துள்ளாதே. இது தட்டுலதான் நடந்திருக்கு. காது வாசலுக்கு வந்துடுச்சு, அவ்வளவுதான். கூப்பிட்டா கேக்குதா, தண்ணிக் கதவு ஓடி வருதா, எல்லாம் இன்னும் பாக்கணும். மாத்திரையா வர எத்தனையோ வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம்.

அண்ணன்: வாசல் வரைக்கும் கொண்டு வந்தவளுக்குக் கூப்பிடத் தெரியாதா?

சுண்டெலி: அக்கா... இப்பவாவது சொல்லுங்க.

தங்கச்சி: நீ சும்மா இரு.

சுண்டெலி: எல்லாம் முடிஞ்சாச்சே. இனிமே சொன்னா என்ன?

அண்ணன்: என்ன சொல்லணும்?

தங்கச்சி: கோவப்பட மாட்டியே?

அண்ணன்: தண்ணி லாரிக்கு ஏது கோவம்?

தங்கச்சி: நீ பாத்தியே... அந்த ஆறு தட்டும்... யாரோ ஒரு நோயாளி இல்ல. அது உன்னோடது அண்ணா. அத்தனை பச்சையும் உன்னோட காது.

அண்ணன்: ம்.

தங்கச்சி: என்ன 'ம்'? கேட்டுச்சா, இல்லையா? உன் செல்லு!

அண்ணன்: தெரியும்.

தங்கச்சி: ...எப்படி?

அண்ணன்: ஆஸ்பத்திரியில பாட்டிலை நீட்டி, 'இது ஆராய்ச்சிக்கு, சம்மதமா'ன்னு கேட்டாங்க நர்ஸம்மா. எங்க போகுதுன்னு கேட்டேன். இந்த இடத்துப் பேரைச் சொன்னாங்க. சிரிப்பை அடக்க முடியல. 'முடிஞ்ச அளவு குடுங்க'ன்னாங்க. நான் ரெண்டாவது பாட்டில் கேட்டு வாங்கினேன்.

தங்கச்சி: அப்போ இங்க உக்காந்ததுல இருந்தே... உன் காதைத்தான் பாக்குறோம்னு தெரிஞ்சே பாத்தியா? ஓரம்னு சொன்னா நான் சந்தோஷப்படுவேன்னும் உனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எப்படி அண்ணா நாலாவதுக்கு 'உள்ள'ன்னு சொன்னே?

அண்ணன்: நாக்கு நுனி வரைக்கும் 'ஓரம்'தான் வந்துச்சு பாப்பா... எனக்கு மட்டும் ஆசை இருக்காதா, ஒரே ஒரு தடவையாவது நடுவுல எங்கயும் நிறுத்தாம வண்டியைக் கொண்டுபோய்ச் சேக்கணும்னு? ஆனா நாளைக்கு நீ அங்க நின்னு பேசும்போது கடைசி வரிசையில நான் உக்காந்திருப்பேன்ல. நான் சொன்ன பொய் மேல உன்னை நிறுத்திட்டு, பக்கத்துல இருக்குறவங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன், 'அதோ நிக்குறாளே, அவ என் தங்கச்சி'ன்னு?